காரும் இல்லை, லாரியும் இல்லை: ஒரு வேனில் ஆறு நாள்

ஞாயிறு, நவம்பர் 16, 2025. நார்த்தாம்ப்டன்

என் அப்பா சங்ககிரியில் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். நான் இங்கிலாந்தில் ஸ்பிரின்டர் வேன் ஓட்டுகிறேன். "அது பொம்மை வண்டிடா" என்பார். பொம்மைதான். ஆனால் அந்தப் பொம்மையை இத்தாலிக்குக் கொண்டுபோய்த் திரும்ப எத்தனை காகிதம் வேண்டும் என்று ஒரு தடவை முழுதாக எழுதிவைக்க ஆசை. தினமும் ராத்திரி தங்கும் இடத்திலிருந்து போடுகிறேன்.

நாளை லோடு ஏற்றி பெர்காமோ பக்கம் போகிறேன். நாலு பேலட், 960 கிலோ. இரண்டு பார்ட்டிக்கு: மூன்று பேலட் அச்சு இயந்திர உருளைகள், ஒன்று வால்வுகள். வண்டியின் மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டக் கூடாது. டீசல், நான், ஸ்டெப்னி எல்லாம் சேர்த்து வெற்று வண்டியே 2,450 வருகிறது. மிச்சம் 1,050 கிலோதான். "இவ்வளவு பெரிய வேன், ரெண்டு டன் போடலாமே" என்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில். இடம் இருக்கும், எடை இருக்காது.

இந்த 3.5 டன் என்பதுதான் இந்தத் தொழிலின் லட்சுமணன் கோடு. அதற்குள் இருந்தால் சாதாரணக் கார் லைசென்ஸ் போதும், ஜெர்மனியில் டோல் கிடையாது, சுவிட்சர்லாந்தில் ராத்திரி ஓட்டலாம். ஒரு காலத்தில் வேறு எந்தத் தொல்லையும் இல்லை. 2022 மே 21 முதல் நிலைமை மாறியது. வாடகைக்குச் சரக்கு ஏற்றி எல்லை தாண்டும் வேன் 2.5 டன்னுக்கு மேல் என்றால் லாரிக் கம்பெனிக்கு உள்ளதுபோல் சர்வதேச ஆபரேட்டர் லைசென்ஸ் வேண்டும். அதன் சான்று நகல் என் டேஷ்போர்டு பையில் இருக்கிறது. அடுத்த ஜூலை 1 முதல் டேக்கோகிராஃப் கருவியும் வந்துவிடும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டம், எல்லாவற்றையும் கருவியே எழுதும். நான் இப்போதே அந்தக் கணக்கில்தான் ஓட்டுகிறேன். பழகிவிட்டால் அன்றைக்குத் திண்டாட வேண்டாம்.

சாப்பாட்டுப் பிரச்சினை தனி. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பால் பொருளோ டிரைவர் டிபன் பாக்ஸில்கூடப் போகக் கூடாது. 2021 தொடக்கத்தில் நெதர்லாந்து சுங்கத்தார் ஒரு டிரைவரின் ஹாம் சாண்ட்விச்சைப் பறித்த காட்சி டிவியில் வந்து ஊரே சிரித்தது. எனக்கு அது தயிர் சாதம். அதனால் வீட்டில் புளிசாதம் கட்டித் தந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. தயிர் ஆகாது, கருவாடு ஆகும்! நெத்திலி வறுவல் ஒரு டப்பா ஏறியது. பச்சைக் கறிவேப்பிலை கொத்து மட்டும் வேண்டாம் என்றேன். தாளித்ததை யாரும் கேட்பதில்லை, பச்சையாக இருந்தால் வம்பு.

திங்கள், நவம்பர் 17. டோவர், கலே

காலை ஆறு மணிக்கு லோடு ஏறியது. முதல் வேலையாக எடைமேடை: 3,410. சீட்டை வாங்கிப் பையில் போட்டேன்.

எம்20 வழியாக ஆஷ்ஃபோர்டு அருகில் செவிங்டன் உள்நாட்டு எல்லை நிலையம். டி1 காகிதம் அங்கேதான் உயிர் பெறுகிறது. நம்மூர் இ-வே பில் தெரிந்தவர்களுக்கு டி1 புரியும். சரக்கு கிளம்பும் இடத்தில் தொடங்கி, போய்ச் சேரும் இடத்துச் சுங்க அலுவலகத்தில் முடித்து வைக்கும்வரை வரி கட்டாத சரக்கு ஒரு பிணையத்தின் மேல் பயணம் செய்கிறது. நடுவில் சுவிட்சர்லாந்து வருவதும் இதற்குள் அடக்கம், பிரிட்டனும் சுவிஸும் அதே பொதுவான சரக்குக் கடப்பு ஒப்பந்தத்தில் இருப்பதால். முடிக்காமல் விட்டால் வரி பிணையம் கொடுத்தவர் தலையில். அவர் என்னைத் தேடி வருவார்.

அதோடு சி.எம்.ஆர். சரக்குச்சீட்டு: 1956-இல் ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தம், இன்றும் அதுதான் சட்டம். சிவப்பு நகல் அனுப்புபவருக்கு, நீலம் பெறுபவருக்கு, பச்சை நமக்கு. சரக்கு சேதமானால் கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது பத்து யூரோவை ஒட்டி, அதற்குமேல் பொறுப்பில்லை. 20 கிலோ எடையில் இருபதாயிரம் யூரோ பெறுமானமுள்ள பொருளை ஏற்றும் பார்ட்டிகளுக்கு இது தெரிவதே இல்லை.

டோவரில் முதல் கேள்வி வழக்கம்போல: "கார் வரிசையா, சரக்கு வரிசையா?" பார்க்கப் பெரிய கார்போலத்தான் இருக்கிறேன். வயிற்றில் லோடு இருப்பதால் லாரிகளோடு நிற்க வேண்டும். ஜி.எம்.ஆர். என்னும் சரக்கு நகர்வு எண்ணின் பார்கோடைக் காட்டி உள்ளே போனால் பிரெஞ்சு எல்லைப் போலீஸ். அக்டோபர் 12 முதல் புதிய நுழைவு வெளியேற்றப் பதிவு, ஈ.ஈ.எஸ்., நடக்கிறது. டோவரில் காரில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு முன்பே அது சரக்கு டிரைவர்களுக்கும் கோச் பயணிகளுக்கும் தொடங்கிவிட்டது. நாலு விரலைக் கண்ணாடியில் வைத்து, கேமராவைப் பார்த்து, ஆயிற்று. இரண்டு தடவை துடைத்துத்தான் விரல் படிந்தது. பேலட் தூக்குகிறவன் கை அப்படித்தான் இருக்கும்.

இதில் விரலைவிட நாள்தான் முக்கியம். என்னுடையது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எந்த 180 நாளை எடுத்தாலும் ஷெங்கனில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில்) 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. போகும் நாள், வரும் நாள் இரண்டும் கணக்கு. ஒரு டிரிப்புக்கு ஆறு நாள் என்றால் அரை வருஷத்தில் பதினைந்து டிரிப், பதினாறாவதுக்கு இடமில்லை. முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரையைத் தேடி எண்ணுவார்கள். சில முத்திரை மங்கியிருக்கும், சிலது ஒன்றன்மேல் ஒன்று. இனி கம்ப்யூட்டர் எண்ணும்.

கப்பலில் ஒன்றரை மணி நேரம். நடுக்கடலில்தான் தலையெழுத்து தெரியும். வண்டியின் நம்பரும் சுங்க எண்ணும் டோவரிலேயே இணைக்கப்பட்டு, கலே போய்ச் சேர்வதற்குள் கப்பல் திரையில் பச்சையா ஆரஞ்சா என்று வந்துவிடும். பச்சை என்றால் இறங்கி நேராக ஓட்டலாம். நான் டீயை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். ஆரஞ்சு.

காரணம் கலேயில் இறங்கி வரிசையில் நின்றபின் தெரிந்தது. என்னிடம் இரண்டு பார்ட்டி, இரண்டு டி1. சுங்க ஏஜெண்ட், சுங்க எண்களைச் சேர்த்து ஒரே பார்கோடாக்கும் மின்னணு உறையில் ஒரு எண்ணை மட்டும் போட்டு அதன் பார்கோடை எனக்கு அனுப்பியிருக்கிறார். வால்வு பேலட் பிரான்ஸைப் பொறுத்தவரை இல்லாத சரக்கு. ஏஜெண்டுக்கு போன் அடித்தால் "மதிய உணவு இடைவேளை" என்று குரல் பதிவு. மூன்றரை மணி நேரம் அந்த ஆரஞ்சு வாகனத் தளத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் போலந்துக்காரர் ஒருவர். அவருடைய வேனின் கூரைக்கு மேல் படுக்கை அறை கூடுபோல வைத்திருந்தது. நெத்திலி டப்பாவை நீட்டினேன். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "மீன்?" என்று கேட்டு, வாயில் போட்டு, இன்னும் நாலு எடுத்துக்கொண்டார்.

தப்பு என்னுடையதும்தான். சீட்டு எத்தனை, பார்கோடில் எண் எத்தனை என்று கிளம்பும்முன் எண்ணியிருக்க வேண்டும்.

ராத்திரி அராஸ் அருகே ஒரு மலிவு விடுதி. வேனில் படுக்கை இல்லை.

செவ்வாய், நவம்பர் 18. பிரான்ஸ்

ஓட்டம், ஓட்டம். ஏ26, ரெய்ம்ஸ், ஏ4, ஸ்ட்ராஸ்பர்க், அங்கிருந்து கட்டணமில்லாத ஏ35-இல் முல்ஹவுஸ். நாள் முழுக்க மழை. நெடுஞ்சாலை வேகம் 130, மழையில் 110. டீசலுக்குப் பயந்து நான் 105-லேயே போகிறேன்.

பிரெஞ்சு டோல்கேட்டில் மறுபடி அந்தப் பழைய கேள்விதான், இம்முறை கேட்பது இயந்திரம். உயரம் 2 மீட்டருக்குள் என்றால் வகுப்பு 1, கார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், 3.5 டன்னுக்குள் என்றால் வகுப்பு 2. மூன்றைத் தாண்டினால் லாரி. என் வண்டி 2.7. உயரக் கூரை வேன் வாங்கும் நண்பர்கள் இதை முதலிலேயே நினைத்துப் பார்ப்பது நல்லது, ஒவ்வொரு டோலிலும் அந்தக் கூரைக்குக் காசு கொடுக்கிறோம். நெடுஞ்சாலை பங்க்கில் டீசல் விலை கொள்ளை. சூப்பர்மார்க்கெட் பங்க்கில் மலிவு, ஆனால் சிலவற்றின் வாசலில் குறுக்குக் கம்பி தொங்கும். ஒருமுறை அதில் ஏரியலை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நாளை சுவிஸ் என்பதால் முல்ஹவுஸில் டேங்க்கை நிரப்பினேன். சுவிஸில் டீசல் பெட்ரோலைவிட விலை அதிகம். போனில் ரேடார் எச்சரிக்கைச் செயலியையும் அழித்தேன். சுவிஸ் போலீஸ் அதைப் பார்த்தால் அபராதம்.

புதன், நவம்பர் 19. பாசல், கோட்டார்டு, கியாசோ

சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஒன்றியத்தின் சுங்க வளையத்தில் இல்லை. அதனால் ஆளை யாரும் கேட்பதில்லை, சரக்கை எல்லோரும் கேட்கிறார்கள். பாசல் எல்லையில் கார்கள் நிற்காமல் நழுவிப் போய்க்கொண்டிருக்க, நான் வலது பக்கம் ஒடித்து லாரிகளோடு நின்றேன். டி1 இரண்டையும் ஜன்னலில் நீட்டினால் ஸ்கேன் செய்து தருவார்கள். இருபத்தைந்து நிமிடம். சரக்குப் பிரிவு அலுவலக நேரத்தில்தான் வேலை செய்யும் என்பதால் ராத்திரி வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகவே முல்ஹவுஸில் தங்கினேன்.

சாலைக்கு விக்னெட் 40 ஃபிராங்க், வருஷம் முழுக்க. 2023 ஆகஸ்ட் முதல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை, வண்டி நம்பரோடு ஆன்லைனில் சேர்த்துவிடலாம். இந்த நாற்பதில் கோட்டார்டு சுரங்கமும் அடங்கும். கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் சுரங்கம், தனிக் கட்டணம் இல்லை. பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குப் போகும் சுரங்கங்களில் ஒரு தடவைக்கே இதைவிட அதிகம். சுங்க ஜன்னலில் நிற்கும் நேரத்தை இந்த மிச்சத்துக்கு எதிராக வைத்துப் பார்த்தால் எனக்கு சுவிஸ்தான் கட்டுப்படியாகிறது. இரண்டு எல்லையிலும் வரிசை நீண்டுவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

உரி மாநிலத்தில், மலை நெருங்கி வரும் இடத்தில், ஒரு போலீஸ்காரர் கையசைத்து ஓரம் கட்டச் சொன்னார். கதவைத் திறந்ததும் பேலட் கட்டிய பெல்ட்டுகளைத்தான் முதலில் இழுத்துப் பார்த்தார். ஒரு பெல்ட்டில் இரண்டு சென்டிமீட்டர் கிழிசல். "இது செத்துவிட்டது" என்று விரலால் சுண்டினார். ஸ்பேர் பெல்ட் வைத்திருந்தேன், அவர் முன்னாலேயே மாற்றினேன். பிறகு எடை. முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக. பின்னச்சில் எனக்கு உள்ளூரப் பயம்தான், கனமான பேலட்டைக் கதவோரம் வைத்துவிட்டால் மொத்தம் சரியாக இருந்தாலும் பின்னச்சு தாண்டிவிடும். சீட்டு வந்தது, மொத்தம் 3,380. வழியில் குடித்த டீசல் குறைந்திருக்கிறது. போகச் சொன்னார்.

சுரங்கத்துக்குள் லாரிகளைச் சொட்டுச்சொட்டாகத்தான் விடுகிறார்கள். 2001 அக்டோபரில் உள்ளே இரண்டு லாரிகள் மோதித் தீப்பற்றி 11 பேர் இறந்தபிறகு வந்த முறை இது. வேனுக்கு அந்த வரிசை இல்லை. இங்கே நான் கார். ஒற்றைக் குழாய், எதிரும் புதிருமாய் இரண்டு தடம், வேகம் 80. போகப்போக உள்ளே வெப்பம் ஏறுகிறது. ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் மூடுபனி படிந்து வைப்பர் போட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ஐரோலோவில் வெளியே வந்தால் பலகையெல்லாம் இத்தாலிய மொழி, மலையில் வெள்ளை, வானத்தில் வெயில்.

டிச்சினோவில் ஒரு சாலையோர உணவகம். தட்டை நீட்டினேன். சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி தமிழோ?"

"ஆமாங்க."

"எந்த இடம்?"

"சேலம் பக்கம்ங்க. சங்ககிரி."

"நான் சாவகச்சேரி. முப்பத்தைஞ்சு வருசமா இஞ்சதான். எங்க, இத்தாலிக்கோ போறியள்?"

பாஸ்தாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தங்களுக்கென்று ஆக்கிய சோறும் பருப்பும் கொண்டுவந்து தந்தார். காசு வாங்கவில்லை. "அப்பிடியே தயிரும் கொஞ்சம் விடட்டோ?" என்றார். மூன்று நாளாக என் நாக்கு எதற்கு ஏங்கியதோ அதை அவராகவே கேட்டார்.

கியாசோ சரக்கு எல்லையில் மாலை ஐந்தரை. மறுபடி டி1, மறுபடி ஜன்னல். ஒன்றரை மணி நேரம். இன்று கோமோ தாண்டித் தங்கல்.

வியாழன், நவம்பர் 20. பெர்காமோ

சரக்கை நேராகத் தொழிற்சாலையில் இறக்கிவிடக் கூடாது. முதலில் சுங்க அலுவலகத்தில் டி1-ஐ முடிக்க வேண்டும். முடித்துக் கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது மணி 12.10. ஃபோர்க்லிஃப்ட் காரர் சாவியை எடுத்துப் பையில் போட்டுவிட்டுச் சிரித்தார். இரண்டு மணிக்கு வா. இத்தாலியில் மதியச் சாப்பாட்டை எந்த அவசரமும் அசைக்காது. நானும் புளிசாதத்தைத் திறந்தேன். நாலாம் நாள் புளிசாதம்தான் புளிசாதம்.

நகரத்துக்குள் டெலிவரி எடுப்பவர்கள் கவனிக்க: வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, இசட்.டி.எல். (அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமான பகுதி) என்று போட்ட பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். அனுமதியில்லாமல் நுழைந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். கேமரா படம் எடுத்துக்கொள்ளும், மாதங்கள் கழித்து வீட்டுக்குத் தபால் வரும். இரண்டு தடவை நுழைந்தால் இரண்டு தபால்.

மிலான் அருகே ரிட்டன் லோடு கிடைத்தது: காபி இயந்திரங்கள், 700 கிலோ, இங்கிலாந்துக்கு. நடுவில் ஒரு புரோக்கர் போன் செய்து, "டூரினிலிருந்து லியோனுக்கு ஒரு பேலட், வழியில்தானே" என்றார். சட்டப்படி பிரிட்டிஷ் வண்டி உள்ளே வந்தபின் இரண்டு ஓட்டம்வரை அப்படி எடுக்கலாம். ஆனால் அதற்கு டிரைவரை வெளிநாட்டில் வேலைக்கு அனுப்பியதாக முன்கூட்டியே இணையத்தில் அறிவிப்புப் பதிய வேண்டும். ஆபீஸ் பதியவில்லை. வேண்டாம் என்றேன். இருநூறு யூரோ போச்சு.

ராத்திரி அப்பாவிடம் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "செக்போஸ்ட்ல எவ்வளவு கொடுத்தே?" என்றார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு மூணரை மணி நேரம் நிறுத்துனான்?"

வெள்ளி, நவம்பர் 21. ஃப்ரேஜூஸ்

திரும்பும்போது சுங்க ஜன்னல் வேண்டாம் என்று நேராக பிரான்ஸ். மோன் பிளாங்க் சுரங்கம் பராமரிப்புக்காக டிசம்பர் 12 வரை மூடியிருக்கிறது, அதனால் எல்லோரும் ஃப்ரேஜூஸில். 13 கிலோமீட்டர், வாகனத்துக்கு வாகனம் 150 மீட்டர் இடைவெளி, அதைக் காட்ட ஓரத்தில் நீல விளக்குகள். 1999-இல் மோன் பிளாங்கில் 39 பேர் இறந்ததிலிருந்து இந்தச் சுரங்கங்களில் இடைவெளியை யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. கட்டணச் சீட்டைப் பார்த்துக் கோட்டார்டை நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் முதல் மார்ச் வரை பிரான்ஸின் மலை மாவட்டங்களில் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். டயரில் மூன்று மலை முகடும் பனிப்படிகமும் சேர்ந்த குறி இருக்க வேண்டும். வெறும் எம்.எஸ். எழுத்து 2024 முதல் செல்லாது. இந்த டயரும் சங்கிலியும் வாடகை வேனில் பெரும்பாலும் இருக்காது, கேட்டு வாங்குங்கள். நான் டயர் போட்டிருந்தேன். மோடான் இறக்கத்தில் ஒருவர் பனியில் மண்டியிட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார், கையுறைகூட இல்லாமல்.

லியோன், டிஜோன், ட்ரூவா. ஓட்டம் ஒன்பது மணி நேரத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டேன்.

சனி, நவம்பர் 22. கலே, வீடு

கலேக்குள் வரும்போது ஒரே கவலை: வண்டிக்குள் நான் ஏற்றாத யாராவது ஏறியிருக்கிறார்களா. மறைந்து வரும் ஒருவருக்கு 10,000 பவுண்டுவரை அபராதம், ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் தனித்தனியாக. யாருமே இல்லாவிட்டாலும் வண்டியைச் சரியாகப் பூட்டவில்லை என்று 6,000 வரை போடலாம். அதனால் கலேக்கு முந்தைய 200 கிலோமீட்டரில் நான் நிற்பதே இல்லை. டீசல், டீ, சிறுநீர் எல்லாம் ரெய்ம்ஸிலேயே முடிந்துவிட வேண்டும். பின் கதவுக்குத் தனிப் பூட்டு. நின்ற ஒவ்வொரு இடத்திலும் பூட்டு, கூரை, அடிப்பாகம் பார்த்து நேரம் போட்டுக் கையெழுத்திட்ட தாள் ஒன்று. இன்று அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டார்கள். பிறகு நாய். வேனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டிரைவர் கதவருகே வந்து அசையாமல் நின்றது. எனக்கு வயிறு கலங்கியது. அதிகாரி கதவைத் திறந்து பார்த்தார். சீட்டுக்கு அடியில் நெத்திலி டப்பா.

இந்தப் பக்கம் இறக்குமதிக்குப் பாதுகாப்பு அறிவிப்பும் வேண்டும், 2025 ஜனவரி 31 முதல். இந்த முறை சுங்க எண் எத்தனை, ஜி.எம்.ஆரில் எத்தனை என்று மூன்று தடவை எண்ணியிருந்தேன். கப்பலில் போன் ஒலித்தது: சோதனை தேவையில்லை.

நார்த்தாம்ப்டன் வந்தபோது இரவு எட்டேகால். கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். எங்கள் குடியிருப்பில் வணிக வாகனம் நிறுத்தக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. காராக இருந்தால் வாசலில் நிறுத்தலாம். இரண்டு தெரு தள்ளி வேனைப் போட்டுப் பூட்டிவிட்டு, பையையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.